உறைந்த ஏரியில் கிராப்பி மீன்: இரை குறித்து ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மினசோட்டா மாநில உள்நாட்டு ஏரியொன்றில், நடப்பதற்குக் குறைந்தது 4 அங்குலத் தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்ற அறிவுரைப்படி தடிமனை அளந்த பின்னரே துளையிட்டு, கிராப்பி என்னும் நன்னீர் மீனுக்குத் தூண்டில் போட்டு வருகிறேன். 30 அடி ஆழமுள்ள பகுதியில், அந்தி சாயும் வேளையில், ஏரியின் அடித்தரையிலிருந்து ஏறத்தாழ 10 அடி உயரத்தில் மீன் கூட்டம் நிலைகொண்டிருப்பது சோனார் (ஒலியலை கொண்டு மீனைக் காட்டும் கருவி) திரையில் தெளிவாகத் தெரிகிறது. ஆயினும், ஜிக் எனப்படும் எடை பொருத்திய தூண்டில் முள்ளில் கோர்த்த புழுவை மீன்கள் அருகில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. கிராப்பி மேல்நோக்கி எழுந்தே இரையைக் கவ்வும் என்பதால், இரையைக் கூட்டத்திற்குச் சற்று மேலேயே நிறுத்துகிறேன் (கீழே இறக்கிய நாள்களில் திரையில் அசைவே இல்லை). இரையை அசைக்காமல் வைப்பதா, உயிருள்ள சிறுமீனுக்கு மாறுவதா, இன்னும் மெல்லிய தூண்டில் நரம்பைக் கட்டுவதா? மேலும், ஆழத்திலிருந்து இழுக்கப்படும் மீன் காற்றுப்பை வீங்கிப் பிழைக்காமல் போகலாம் என்பதால், மீனை மீண்டும் நீரில் விடுபவர்கள் எத்தனை அடி ஆழத்தோடு நிறுத்திக்கொள்கிறீர்கள் என்பதையும் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.