செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை: கிட் கார் அனுபவங்கள்

கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கட்டும் கார், கட்டியவர்கள், கட்டிக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் எழுதுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் எப்படி நின்றது, கடைசியில் குறை எங்கே இருந்தது? நான் தொடங்கி வைக்கிறேன்.

நான் இங்கிலாந்தில் கோவென்ட்ரி பக்கம் இருக்கிறேன். என்னுடையது லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் வடிவ வண்டி. இரும்புக் குழாய் சேஸிஸ், ஃபைபர் மூக்கு, ஃபோர்டு கிராஸ்ஃப்ளோ 1600 எஞ்சின், இரண்டு வெபர் 40 கார்புரேட்டர். பாதி கட்டிய நிலையில் ஒருவரிடம் வாங்கி, மீதியை இரண்டு குளிர்காலத்தில் முடித்தேன்.

முதல் முறை சாவியைத் திருப்பினேன். செல்ஃப் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஆனால் சாவியை விடும் அந்த நொடியில் மட்டும் ஒரே ஒரு தடவை 'டப்' என்று பிடிக்கப் பார்த்து அடங்கியது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான். விடை அந்தச் சத்தத்திலேயே இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

பெட்ரோல்தான் வரவில்லை என்று நினைத்து மூன்று வார இறுதிகள் கார்புரேட்டரோடு உட்கார்ந்தேன். ஜெட்டுகளைக் கழற்றி ஊதினேன், மிதவையின் உயரத்தைச் சரி பார்த்தேன். பம்ப் அழுத்தம் 3 பிஎஸ்ஐ. வெபருக்கு அது போதும், ரொம்ப ஏறினால் ஊசி வால்வு தாங்காமல் வழியும். அப்புறம்தான் பிளக்கைக் கழற்றினேன். நாலும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. அதாவது பெட்ரோல் உள்ளே போயிருக்கிறது, எரியத்தான் இல்லை. ஐந்து நிமிட வேலை. அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

சரி, கரண்ட் பக்கம் வந்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட், பொறிக்காக வோல்டேஜை உயர்த்தும் காயிலிலும் 12-க்கு மேல். எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரிந்தது. புதுக் காயில் வாங்கிப் போட்டேன், மாற்றமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, செல்ஃப் சுற்றும்போதே அளந்தேன். பேட்டரி முனைகளில் 10.7. அது பரவாயில்லை. மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முள்ளை எஞ்சின் பிளாக்கிலும் வைத்தேன். அங்கே அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எனக்கு 2.3 காட்டியது. ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டால் சுட்டது! எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, சரியில்லாததால் செல்ஃபுக்கான கரண்ட் அந்த மெல்லிய கேபிள் வழியாகவும் திரும்பிக்கொண்டிருந்தது.

எர்த் பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். பளபளவென்று பவுடர் கோட்டிங் அடித்த சேஸிஸ் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். பவுடர் கோட்டிங் பிளாஸ்டிக் மாதிரி, கரண்டைக் கடத்தாது. போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை அரம் போட்டுத் தேய்த்தேன். பல் வாஷர் வைத்து முறுக்கி, துரு பிடிக்காமல் மேலே வாஸலின் தடவினேன். மறுபடி அளந்தால் 0.2. பிளக்குகளைக் காயவைத்துப் போட்டுச் சாவியைத் திருப்பினேன், இரண்டாவது சுற்றில் பிடித்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கை தட்டினார்.

கம்பெனி கட்டித் தரும் காரில் இரும்பு பாடியே எர்த். நம் வண்டியில் ஃபைபருக்கும் பவுடர் கோட்டிங்குக்கும் நடுவே ஒவ்வொரு எர்த்தையும் நாமே உண்டாக்க வேண்டும். சாவியை விடும்போது மட்டும் பிடிக்கப் பார்த்தால் அதற்குக் காரணம் இதுதான்: செல்ஃப் நின்றதும் வோல்டேஜ் ஏறும், அப்போதுதான் நல்ல பொறி வரும். நிற்கும் வண்டியில் எடுத்த அளவை நம்பாதீர்கள்.

* * *

அண்ணை, உங்கட கதையை வாசிக்க என்ரை போன வருசம் ஞாபகம் வந்தது. நான் லெஸ்டரில் இருக்கிறன். என்ரை வாகனம் பிடிக்கும், நல்லா ஓடும். சரியாகக் கால் மணித்தியாலத்தில் நின்றுவிடும். அரை மணித்தியாலம் விட்டால் திரும்பவும் பிடிக்கும்.

காயில் சூடாகிப் பழுதாகுது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பிறகு ஸ்பார்க் டெஸ்டர் ஒன்றை வாங்கி வாகனத்துக்குள் போட்டுக்கொண்டு போனேன். தெருவோரம் நின்றவுடனேயே பார்த்தேன். நல்ல நீலப் பொறி. ஆனால் பெற்றோல் ஃபில்டரின் கண்ணாடிக்குள் ஒரு துளியும் இல்லை.

பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்தேன், 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. காற்று போகும் குழாயைப் பின் பலகைக்கும் சேஸிஸுக்கும் இடையில் வைத்து நசுக்கிப் பூட்டியது நான்தான். பெற்றோல் குறையக் குறையத் தாங்கிக்குள் வெற்றிடம் ஏறி, பம்ப்பால் இழுக்க முடியவில்லை. விட்டு வைத்தால் மெல்ல மெல்லக் காற்று கசிந்து சரியாகிவிடும். வாகனம் நின்ற இடத்திலேயே சோதிக்க வேண்டும், வீட்டுக்கு இழுத்து வந்தால் பழுது மறைந்துவிடும்.

* * *

கார்புரேட்டர் இல்லாதவர்களுக்காக நானும் சேர்க்கிறேன். என்னுடையதில் ஃபோர்டு ஸீடெக் எஞ்சின், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் அசைகிறதா என்று முதலில் பாருங்கள். என் வண்டியில் அசையவே இல்லை. எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாருக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். சென்சாரைப் பிடிக்க நான் செய்த தாங்கி வளைந்து 3 ஆகியிருந்தது. சிக்னல் இல்லையென்றால் கம்ப்யூட்டர் பொறியும் கொடுக்காது, பெட்ரோலும் கொடுக்காது. அப்புறம் இனர்ஷியா சுவிட்ச், வண்டி மோதினால் பெட்ரோல் பம்ப்பை நிறுத்துவது. பள்ளத்தில் இறங்கிய அதிர்ச்சிக்கே அது பம்ப்பை நிறுத்திவிடும். பொத்தானை அழுத்தினால் போதும், ஆனால் அதை எங்கே வைத்தோம் என்று நினைவிருக்க வேண்டும்.

* * *

தம்பிமாரே, நான் பர்மிங்காமில் நிறைய வருடம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன். லோட்டஸ் செவன் 1957-இல் வந்தது. பாகங்களாக வாங்கிக் கட்டினால் கொள்முதல் வரி இல்லை என்பதால் அந்தக் காலத்தில் பலரும் வீட்டிலேயே கட்டினார்கள். 1973-இல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்து அந்தச் சலுகை போன பிறகும் கட்டும் ஆசை போகவில்லை. அதனால் இந்த வண்டிகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன.

அடிக்கடி பார்த்தது ஒன்று சொல்கிறேன். கிராஸ்ஃப்ளோவின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-2-4-3. ஃபோர்டின் இன்னொரு எஞ்சினான பின்டோவுக்கு 1-3-4-2. ஒன்றின் பழக்கத்தில் மற்றதற்கு வயர் மாட்டினால் கார்புரேட்டர் வழியாகத் திருப்பி உதைக்கும். பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை அரைச் சுற்று மாற்றி இறக்கினாலும் அப்படித்தான். முதல் பிளக் துளையில் விரலை வைத்து எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளி, அதன் பிறகு பிஸ்டன் மேலே வரும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டார் ஒன்றாம் வயரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். நனைந்த பிளக்குகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்தத் துளைகளுக்குப் பக்கத்திலேயே பொறி பார்க்கிறவர்கள் உண்டு. துளை வழியாகப் பெட்ரோல் ஆவி பீச்சி வரும். தீப்பிடித்துப் பார்த்திருக்கிறேன். முதலில் பம்ப்பின் வயரைக் கழற்றுங்கள், டெஸ்டரைத் தள்ளி வையுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பெட்ரோல் ஹோஸையும் பாருங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோல் என்றால் ஈ10, அதில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பரை அது அரித்துவிடும். உள்ளே உதிரும் தூள் ஜெட்டை அடைக்கும், வெளியே வெடித்தால் சூடான மேனிஃபோல்ட் மேல் சொட்டும். ஹோஸ் மேல் ஆர்9 (எத்தனாலைத் தாங்கும் ரகம்) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

* * *

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இரண்டு ஜாண் நீளத்துக்கு ஒரு ஹோஸ், எனக்கு முன்னால் இருந்தவர் போட்டது. மேலே எழுத்து எதுவும் இல்லை. விரலால் வளைத்தேன். கிளிப்புக்குப் பக்கத்தில் நகக்கீறல் மாதிரி வரிசையாக வெடிப்பு, மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை. பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டேன். ஆர்9 ஹோஸ் மூன்று மீட்டர் சொல்லியிருக்கிறேன், மாற்றும்வரை வண்டி ஷெட்டை விட்டு வராது.