பெங்களூரு வந்ததிலிருந்து துவரம்பருப்பு வேகமாட்டேங்குது: 8 விசில் விட்டும் நடுவுல வெள்ளைப் புள்ளி

வர்த்தூர்வாசி

திருச்சியில இருந்து வர்த்தூர் பக்கம் குடிவந்து ஒன்றரை மாசம் ஆகுது. அங்கே 4 விசிலுக்குக் குழைஞ்ச பருப்பு இங்கே 8 விசில் விட்டாலும் முழுசா நிக்குது. நசுக்கிப் பார்த்தா நடுவுல வெள்ளையா ஒரு புள்ளி.

விவரம்: 5 லிட்டர் ஸ்டீல் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, 2000 வாட். ஒரு கப் பருப்பு, மூணு கப் தண்ணி, மஞ்சள்தூள், ரெண்டு சொட்டு நல்லெண்ணெய். நேரா குக்கர்லயே போடறேன். ஊறவைக்கறதில்லை, உப்பும் போடறதில்லை. தண்ணி அபார்ட்மென்ட் குழாயில வர்றது. போர்வெல்லும் டேங்கரும் கலந்தது. குடிக்க மட்டும் ஆர்ஓ. பருப்பு ஊர்ல இருந்து கொண்டுவந்த 5 கிலோ மூட்டை, வாங்கி 9 மாசம் இருக்கும்.

இப்போ அவசரம் என்னன்னா, அரைவேக்காட்டுப் பருப்பை அப்படியே புளித்தண்ணியில கொட்டிட்டேன். அரைமணி நேரமா கொதிக்குது, கரையறதா இல்லை. இந்தச் சாம்பாரைக் காப்பாத்த முடியுமா?

அல்சூர் அடுக்களை

முதல்ல அடுப்பை அணைச்சிடும்மா. புளியில இருக்கிற வரைக்கும் எத்தனை மணி நேரம் கொதிச்சாலும் அந்தப் பருப்பு பூக்காது. புளிப்பு பட்டா பருப்பு இறுகிக்கும். அதனாலதான் பருப்பு குழைஞ்ச பிறகே புளியைச் சேர்க்கிறது. தக்காளிக்கும் இதே கணக்கு.

பெரிய கண் வடிகட்டியில காய், பருப்பு எல்லாத்தையும் வடிச்சு, புளித்தண்ணியைத் தனியா வை. காயைப் பொறுக்கி எடுத்துடு. பருப்பை ஆர்ஓ தண்ணியில ரெண்டு தடவை அலசி புளிப்பைப் போக்கு. குக்கர்ல போட்டு, பருப்புக்கு மேல ஒரு விரக்கடை நிக்கற மாதிரி கொதிக்கிற ஆர்ஓ தண்ணி ஊத்து. ஆப்பசோடா கால் டீஸ்பூன்ல பாதி, அதுக்கு மேல வேண்டாம். முதல் விசில் வந்ததும் சூட்டைக் குறைச்சு 10 நிமிஷம். ஆவி தானா அடங்கட்டும். சூடு ஆறறதுக்குள்ள மத்தால கடைஞ்சு புளித்தண்ணியில சேர்த்து ஒரே ஒரு கொதி.

அலசாம சோடாவைப் போட்டா நுரைச்சுக்கிட்டு வரும், புளிப்பும் செத்துப்போகும். மிக்சியில அடிச்சுடலாம்னு தோணும், வேண்டாம். வேகாத பருப்பை அரைச்சா பச்சை வாசனையோட கோந்து மாதிரி ஆயிடும்.

நாலாவது பிளாக்

பெங்களூரு 900 மீட்டருக்கு மேல இருக்கிற ஊரு சார். இங்கே தண்ணி 97 டிகிரியிலேயே கொதிச்சுடும். சூடு பத்தலை, பருப்பு வேகலை, அவ்வளவுதான்.

மத்துக்காரன்

97 டிகிரி சரி. ஆனா அது திறந்த பாத்திரத்துக்கு. குக்கர்ல குண்டு தூக்கற அழுத்தம் வெளிக்காத்துக்கு மேல கூடுதலா வர்றது. கடலோரத்துல உள்ளே சுமார் 120 டிகிரின்னா இங்கே ஒண்ணரை டிகிரி போல குறையும். அதுக்கு ரெண்டு நிமிஷம் கூட வெச்சா போதும். 4 விசில் 8 ஆகியும் வேகலைங்கறதுக்கு உயரம் காரணமில்லை.

வர்த்தூர்வாசி, நான் கேக்கறது வேற. அந்த 8 விசிலும் வந்து முடிய எத்தனை நிமிஷம் ஆகுது?

வர்த்தூர்வாசி

அடுக்களை அக்கா, சாம்பார் பிழைச்சுது, கொஞ்சம் நீர்க்க இருக்கு, பரவாயில்லை. நன்றி.

மத்துக்காரன் சார், முதல் விசிலுக்கு அப்புறம் மிஞ்சிப்போனா 5 நிமிஷம். 2000-லயே விட்டுடறேன், விசில் மேல விசில் வந்துடுது.

மத்துக்காரன்

ஒரு கோளாறு அங்கேயே இருக்கு. விசில்ங்கறது மிச்ச ஆவி வெளியே போற சத்தம், அதை வெச்சு நேரம் கணக்குப் பண்ண முடியாது. அனல் அதிகமா இருந்தா எட்டு விசில் அஞ்சு நிமிஷத்துல வரும், சிம்ல வெச்ச கேஸ் அடுப்புல மூணு விசிலுக்கு கால்மணி ஆகும். பருப்புக்கு வேண்டியது சூட்டுல இருக்கிற நேரம். முதல் விசில் வரை முழு அனல், பிறகு 600-லிருந்து 800 வாட்டுக்குள்ள இறக்கி, ஊறாத பருப்புக்கு 12 நிமிஷம், அரைமணி ஊறினதுக்கு 8 நிமிஷம். குண்டு லேசா சீறிக்கிட்டே இருந்தா அழுத்தம் நிக்குதுன்னு அர்த்தம். அணைச்ச பிறகு 10 நிமிஷம் தொடாதீங்க. குழாய்க்குக் கீழே காட்டி மூடியைத் திறந்தா அந்தக் கடைசி வேக்காடு போச்சு.

மூடி ஓரமா ஆவி கசியுதான்னும் பாருங்க. கேஸ்கெட் தளர்ந்திருந்தா விசில் வந்தாலும் அழுத்தம் முழுசா நிக்காது. அரைமணி ஃப்ரீசர்ல வெச்சுப் போட்டா அன்னிக்கு ஒருநாள் பிடிக்கும், ஆனா புதுசு மாத்தறதுதான் வழி. பருப்பு நுரைக்கிற சாமான், தண்ணியோட சேர்த்து குக்கர்ல பாதிக்கு மேல போகக்கூடாது. உங்க அளவுக்கு அந்தப் பயம் இல்லை.

தண்ணிவண்டி

நேரத்தைச் சரிபண்ணாலும் பாதிதான் தீரும்னு தோணுது. போர்வெல் தண்ணி, 9 மாசப் பருப்பு, ரெண்டும் சந்தேகத்துக்குரிய ஆசாமிங்க. யார் குத்தம்னு ஒரே தடவையில கண்டுபிடிச்சுடலாம்.

ஒரே அளவுல மூணு சின்ன எவர்சில்வர் கிண்ணம். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு டேபிள்ஸ்பூன் பருப்பு, அரை கப் தண்ணி. முதல் கிண்ணம்: ஊர்ப் பருப்பு, குழாய்த் தண்ணி. ரெண்டாவது: ஊர்ப் பருப்பு, ஆர்ஓ தண்ணி. மூணாவது: கடையில புதுசா வாங்கின பருப்பு, குழாய்த் தண்ணி. ஆர்ஓ கிண்ணத்துக்குப் பருப்பு கழுவறதும் ஆர்ஓ தண்ணியிலதான். மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். குக்கர் அடியில ரெண்டு கப் தண்ணி, மேல தட்டு, மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சிம்ல 15 நிமிஷம். கிண்ணத்துல வெச்சா நேரா போடறதை விட மெதுவாத்தான் வேகும், அதான் நேரம் கூட. திறந்ததும் ஒவ்வொண்ணுலயும் பத்துப் பருப்பு எடுத்து விரல்ல நசுக்கிப் பாருங்க.

மூணும் வேகலைன்னா குக்கரைச் சந்தேகப்படுங்க. ரெண்டாவது மட்டும் வெந்தா தண்ணி. மூணாவது மட்டும் வெந்தா பருப்பு.

வர்த்தூர்வாசி

இன்னிக்குக் காலையில வெச்சுப் பார்த்தேன். கேஸ்கெட் புதுசு. முதல் கிண்ணம்: பத்துல ஏழு நசுங்கலை. ரெண்டாவது: ஒண்ணு ரெண்டு தவிர எல்லாம் மசிஞ்சுது. மூணாவது: வெந்துது, ஆனா உதிரி உதிரியா நிக்குது, கடையற பதம் இல்லை. இதை எப்படி எடுத்துக்கறது?

தண்ணிவண்டி

முக்கால் பங்கு தண்ணி, கால் பங்கு பருப்பு.

பருப்போட செல்களை ஒட்டிவெச்சிருக்கிற பசை பெக்டின். அது கரைஞ்சாதான் பருப்பு குழையும். தண்ணியில இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் பெக்டினைப் பிடிச்சு இறுக்கிடும். பழைய பருப்புலயும் நடக்கிறது ஏறக்குறைய இதேதான்: பருப்புக்குள்ள ஃபைட்டேட்னு ஒண்ணு கால்சியத்தைக் கட்டிப்போட்டு வெச்சிருக்கும். மாசக்கணக்குல வெக்கையிலயும் ஈரக்காத்துலயும் கிடந்தா ஃபைட்டேட் சிதைஞ்சு, கால்சியம் அவிழ்ந்து பெக்டின்கிட்ட போயிடும். உங்க வீட்டுல வெளியேயும் கால்சியம், உள்ளேயும் கால்சியம்.

டிடிஎஸ் மீட்டரை வெச்சுக் கடினத்தன்மையை, அதாவது இந்தக் கால்சியம், மக்னீசியம் அளவை, முடிவு பண்ணாதீங்க. அது கரைஞ்ச உப்பு எல்லாத்தையும் சேர்த்துக் காட்டறது. சோப்புச் சோதனை போதும்: ஒரே மாதிரி ரெண்டு பாட்டில், ஒண்ணுல குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல ஆர்ஓ, ரெண்டுலயும் ஒரே அளவு குளியல் சோப்புச் சீவல். குலுக்கினா குழாய்த் தண்ணி நுரைக்காம தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளையா படிஞ்சா கடினத் தண்ணி. ஷாம்பு, பாத்திரம் கழுவற திரவம் இதுக்கு ஆகாது, அதுங்க கடினத் தண்ணியிலயும் நுரைக்கும். எண்ணாவே வேணும்னா சொட்டு விட்டுப் பார்க்கிற கடினத்தன்மை கிட் வாங்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரத்துல ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேற வழியே இல்லாத இடத்துல 600 வரை.

நாலாவது பிளாக்

சரி, உயரத்தை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா தினமும் சமைக்க ஆர்ஓ தண்ணின்னா பாதிக்கு மேல கழிவா போகுமே?

தண்ணிவண்டி

சமையல் முழுக்கத் தேவையில்லை. பருப்பு, கடலை, பயறு ஊறவைக்க, வேகவைக்க மட்டும். நாலு பேர் வீட்டுக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர்ல அடங்கிடும். கழிவுத் தண்ணியைப் பக்கெட்ல பிடிச்சு வீடு துடைங்க.

ஆர்ஓ இல்லாதவங்க குழாய்த் தண்ணியை 10 நிமிஷம் நல்லா கொதிக்கவிட்டு, அரைமணி தெளியவிட்டு, மேல்தண்ணியை மட்டும் சாய்ச்சு எடுக்கலாம். பைகார்பனேட்டால வர்ற கடினம் சுண்ணாம்பா அடியில தங்கிடும். சல்பேட், குளோரைடால வர்றது இதுக்கு மசியாது. அதனால சில வீட்டுல பலிக்கும், சில வீட்டுல பலிக்காது.

அபார்ட்மென்ட்ல மென்னீராக்கும் கருவி இருந்தா அது கால்சியத்தைப் பிடிச்சுக்கிட்டு சோடியத்தை விடும். அந்தத் தண்ணியில பருப்பு நல்லாவே வேகும். கருவிக்கு உப்பு போட மறந்திருந்தா ஒரு பிரயோஜனமும் இல்லை, அசோசியேஷன்ல கேளுங்க. அப்படியே காவிரி இணைப்பு பத்தியும் கேளுங்க. 2024 அக்டோபர்ல தொடங்கின காவிரிக் குடிநீர்த் திட்டத்தோட ஐந்தாம் கட்டம் மாநகராட்சியோட சேர்ந்த 110 கிராமப் பகுதிகளுக்காகத்தான்.

அல்சூர் அடுக்களை

பருப்பு வாங்கும்போது பாக்கெட்டுல அடைச்ச தேதியைப் பாரு. ரெண்டு மாசத்துக்கு மேல வாங்கி அடுக்காதே, 5 கிலோ மூட்டையெல்லாம் கூட்டுக் குடும்பத்துக்குத்தான். இங்கே கடையில தொகரி பேளேன்னு கேட்டாதான் சட்டுனு எடுத்துக் குடுப்பாங்க. கலபுரகி பருப்பு கிடைச்சா வாங்கு, சீக்கிரம் குழையும். புவிசார் குறியீடு வாங்கின பருப்பு அது. எண்ணெய்ப் பருப்புன்னு பளபளன்னு ஒண்ணு விப்பாங்க, பூச்சி வராம இருக்க விளக்கெண்ணெய் தடவினது. அதை வெந்நீர்ல ரெண்டு தடவை தேய்ச்சுக் கழுவாம போடாதே.

மிச்சமிருக்கிற ஊர்ப் பருப்பைத் தூக்கிப்போட வேண்டாம். ஆர்ஓ தண்ணியில ரெண்டு மணி நேரம் ஊறவெச்சு சாம்பாருக்கு வெச்சுக்கோ. இல்லைன்னா அடைக்கும் பருப்புருண்டைக்கும் போடு. ஊறி அரைபட்டுப் போறதுக்கு வயசு ஒரு பொருட்டே இல்லை.

சோடா மட்டும் தினப்படி வேண்டாம். பி1 சத்து அழியும், கொஞ்சம் கூடினாலும் சோப்பு ருசி.

சிவாஜிநகர் சுண்டல்

நடுவுல புகுந்து ஒரு கேள்வி. கொண்டைக்கடலைக்கும் இதேதானா? ராத்திரி முழுக்க ஊறியும் தோல் தடியா நிக்குது.

மத்துக்காரன்

இதேதான். கடலைக்குக் கூடுதலா ஒண்ணு செய்யலாம்: ஊறவைக்கிற ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணியில ரெண்டு டீஸ்பூன் உப்பு. உப்பு போட்டா வேகாதுன்னு சொல்றது வழக்கம், உண்மை நேர்மாறா இருக்கு. சோடியம் தோல்ல இருக்கிற கால்சியத்தை நகர்த்திட்டு அந்த இடத்துல உக்காரும், தோல் மெல்லிசாகும். 8 மணி நேரம் கழிச்சு அந்தத் தண்ணியைக் கொட்டி, அலசி, புதுத் தண்ணியில சிம்ல 20 நிமிஷம். கறுப்புக் கடலைக்கு 25.

வர்த்தூர்வாசி

ஆர்ஓ தண்ணி, அரைமணி ஊறல், 700 வாட்ல 8 நிமிஷம். வெண்ணெயா குழைஞ்சுது. இன்னும் ரெண்டே ரெண்டு. இட்லி மாவு பொங்காததும் தண்ணியாலயா? குக்கர் உள்ளே வெள்ளையா படிஞ்சிருக்கே, அதை எப்படி எடுக்கறது?

அல்சூர் அடுக்களை

மாவு பொங்காததுக்குக் குளிர்தான் காரணம். மாவுக்கு 28-லிருந்து 32 டிகிரி வேணும், இங்கே டிசம்பர் ராத்திரி 16-க்குப் போயிடும். திருச்சிக் கணக்குல 8 மணி நேரம் வெச்சா எப்படிப் பொங்கும், 14 மணி நேரமாவது விடு. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு புது உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். உப்பு புளிப்பை மட்டுப்படுத்தும், அதனால குளிர்காலத்துல பொங்கின பிறகு போடு. கையால நல்லா கலந்து, ஓவன் அடுப்பு இருந்தா அதோட விளக்கை மட்டும் போட்டு உள்ளே வை. இல்லாட்டி பெரிய அண்டாவுல கை பொறுக்கிற சூட்டுல வெந்நீர் ஊத்தி, நடுவுல மாவுப் பாத்திரத்தை வெச்சு மூடு. சுடச்சுட ஊத்திடாதே, ஓரத்து மாவு வெந்துபோகும்.

தண்ணிவண்டி

வெள்ளைப் படிவு அதே சுண்ணாம்புதான். கேஸ்கெட்டையும் குண்டையும் கழட்டிட்டு, படிவு மூழ்கற அளவு தண்ணி, லிட்டருக்கு கால் கப் வினிகர் இல்லைன்னா ஒரு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, மூடாம 10 நிமிஷம் கொதிக்கவிட்டு ஆறவிடுங்க. நாரால தேய்ச்சா உரிஞ்சு வரும். குண்டு உக்கார்ற துளையில ஊசியை விட்டுப் பாருங்க. அங்கேயும் சுண்ணாம்பு அடைக்கும், அது ஆபத்து. மூடியை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா அந்தத் துளை வழியா மறுபக்கம் தெரியணும்.