தம்பிக்கு நெஞ்சு வலி, டெஸ்ட் எல்லாம் நார்மல். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 19 வயது, விடுதியில் தங்கிப் படிக்கிறான். 3 மாதமாக இடது பக்க நெஞ்சில் ஊசி குத்துகிற மாதிரி 'சுருக்'கென்று வலி வருகிறது. ஓடும்போதோ மாடி ஏறும்போதோ இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான். மூச்சை இழுத்தால் கூடுகிறது, ஒன்றிரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது.

இ.சி.ஜி., எக்கோ, எக்ஸ்ரே, இதயத் தசையில் பாதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தோம். எதிலும் கோளாறு இல்லை. விலா எலும்பு மார்பெலும்போடு சேரும் குருத்தெலும்பில் அழற்சி இருந்தால் அழுத்தும்போது வலிக்குமாம். டாக்டர் அழுத்திப் பார்த்தார், இவனுக்கு வலிக்கவில்லை. இளவயதில் இப்படி வந்து போகும், இதயத்துக்கு ஆபத்தில்லை என்றார். எனக்கு நிம்மதி. அவனுக்குத்தான் இல்லை. ராத்திரி 2 மணிக்குப் போன் பண்ணி, "அக்கா, மறுபடியும் வலிக்குதுக்கா" என்கிறான். குரலைக் கேட்டாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது. பயத்திலேயே படபடப்பும் சேர்ந்துகொள்கிறது.

விளையாடும்போது வலித்தாலோ, மயங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, வலி கை, தாடைக்குப் பரவினாலோ உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். அதில் எனக்குக் குழப்பமில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி இருந்ததா? அந்தப் பயத்திலிருந்து எப்படி வெளியே வந்தார்கள்? மனநல ஆலோசனை கைகொடுத்ததா? அவன் நெஞ்செரிச்சலும் சொல்வதால் இரைப்பை மருத்துவரையும் பார்க்கலாமா? மாத்திரைப் பெயர் வேண்டாம், அனுபவம் மட்டும் போதும்.