நாடி சுத்தி: 16, 64, 32 கணக்கும் அடைபட்ட வலது மூக்கும்

கேள்வி:
மூன்று வாரங்களாக அதிகாலையில் நாடி சுத்தி என்னும், நாசிகளை மாற்றி மாற்றி மூச்சுவிடும் பயிற்சியைச் செய்து வருகிறேன். திருமந்திரத்தில் சொல்லப்பட்டபடி இடது நாசியில் 16 எண்ணும்வரை இழுத்து, 64 எண்ணும்வரை உள்ளே நிறுத்தி, வலது நாசியில் 32 எண்ணும்வரை வெளிவிட வேண்டும் என்று கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடியே முயல்கிறேன். 30-ஐத் தாண்டுவதற்குள் திணறல் வந்து, விட்டபின் தலை கிறுகிறுக்கிறது. எழுந்தவுடன் வலது மூக்கு வேறு பெரும்பாலும் அடைத்திருக்கிறது. தொடரலாமா?

மறுமொழி 1:
பிழை கடிகாரத்தில் தொடங்குகிறது. திருமந்திரத்தில் எண்ணப்படுவது மாத்திரை என்ற கால அளவு. அது இலக்கணம் சொல்லும் கண்ணிமைப் பொழுது அல்லது கைநொடிப் பொழுதே தவிர விநாடி அன்று. அதிலும், ஒன்றுக்கு நான்கு, இரண்டு என்ற அந்த விகிதம் ஆண்டுக்கணக்கில் பழகியவர்களுக்கு உரியது. நான் பயிற்றுவிக்கும்போது முதல் சில மாதங்களுக்குக் கும்பகத்தையே, அதாவது மூச்சை உள்ளே நிறுத்துவதையே, சொல்லித் தருவதில்லை. நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். அடுத்த மூச்சை அவசரமாக இழுக்கத் தோன்றினால் எண்ணிக்கை உங்களுக்கு மிகுதி என்று பொருள்.

விரல்களையும் கவனியுங்கள். சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடக்கி, கட்டைவிரலால் வலப்புறத்தையும் மோதிர விரலால் இடப்புறத்தையும், மூக்கெலும்பு முடிந்து சதை தொடங்கும் இடத்தில் மெல்லத் தொட்டாலே போதும். பலர் மூக்கின் நடுத்தண்டு வளையும் அளவுக்கு அழுத்துகிறார்கள். அவ்வாறு செய்தால் திறந்திருக்க வேண்டிய துளையும் குறுகிவிடும்.

மறுமொழி 2:
மூக்கடைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூக்கின் உட்சுவரிலுள்ள மென்திசு ஒரு பக்கம் இரத்தம் நிறைந்து வீங்க, மறுபக்கம் சுருங்குவதும், சில மணி நேரத்தில் அது மாறுவதும் இயல்பு. ஜெர்மானிய மருத்துவர் கைசர் 1895-இல் இதை விவரித்தார். வலப்புறம் சாய்ந்து உறங்கினால் கீழே இருக்கும் வலது மூக்கே அடைபடும். இடப்புறம் சாய்ந்து சற்று நேரம் படுத்திருங்கள், வலது திறக்கும். சூரியகலையை, அதாவது வலது நாசி மூச்சை, ஓடவிட நம் பெரியவர்கள் சொன்ன வழியும் அதுதான். நாள் முழுவதும் ஒரே பக்கம் அடைத்திருந்தால், நடுத்தண்டு வளைந்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நான் வலப்புறம் சாய்ந்தே படுப்பவன். ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: இரத்த அழுத்தத்திற்கு நாள்தோறும் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன்.

மறுமொழி 1:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் மூச்சை நிறுத்தும் பேச்சே வேண்டாம். கிறுகிறுப்பைப் பற்றி உங்கள் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அவர் சரி என்றபின், வெறும் வயிற்றில், மூச்சை உள்ளே நிறுத்தாமல், ஐந்து சுற்றுகள் மட்டும் செய்யுங்கள். இடதில் இழுத்து வலதில் விட்டு, வலதில் இழுத்து இடதில் விட்டால்தான் ஒரு சுற்று. மூக்கு அடைத்திருக்கும் நாளில் வலிந்து இழுக்காமல் இரு நாசியாலும் மெல்ல மூச்சுவிட்டபடி அமர்ந்திருந்துவிட்டு எழுந்துவிடுங்கள்.