உதவி: பழைய லென்ஸைக் கழற்றிப் பூட்டினேன், தூரத்தில் ஃபோகஸ் இல்லை

டெல்டா_ரவி:
அவசரம் நண்பர்களே. பெரியப்பாவின் பழைய லென்ஸ். ஃபோகஸ் ரிங் கல்லாக இறுகிக் கிடந்தது. நேற்று ராத்திரி கழற்றி, காய்ந்த கிரீஸைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டுப் பூட்டினேன். இப்போது ரிங் ஜோராகச் சுற்றுகிறது, ஆனால் பத்தடிக்கு அப்பால் எல்லாம் மங்கல். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வளைகாப்பு, இதில்தான் படம் எடுப்பேன் என்று வேறு சொல்லிவிட்டேன்.

கோவைக்குமிழ்:
என்ன லென்ஸ்? என்ன கேமரா?

மங்கல்_மணி:
ஹெலிகாய்டுதான், சந்தேகமே வேண்டாம். ரிங்கைச் சுற்றினால் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் மரை அது. அந்த மரைக்குப் பல வாய், அதாவது ஏறத் தொடங்கும் இடங்கள், உண்டு. எந்த வாயில் பிரிந்ததோ அதே வாயில் ஏற்ற வேண்டும். பிரியும் இடத்தில் கோடு போட்டீர்களா?

டெல்டா_ரவி:
கோடா? இல்லையே. லென்ஸ் சூப்பர்-தக்குமார் 55 மி.மீ., எஃப் 1.8, எம்42 என்ற திருகு மவுண்ட்.

ஆடிவித்தகர்:
தையல் மெஷின் எண்ணெய்! பதினைந்து வருடமாக இதையே சொல்கிறேன், யாரும் படிப்பதில்லை. வெயில் காலத்தில் அது இளகி, ஒளி வரும் துளையைச் சுருக்கும் அப்பர்ச்சர் இதழ்களில் போய் ஒட்டும். ஹெலிகாய்டு கிரீஸ் என்று ஒன்று விற்கிறது. தெரியாதவர்கள் ஸ்குரூ டிரைவரைத் தொடாமல் இருப்பதே லென்ஸுக்கு நல்லது.

கோவைக்குமிழ்:
ஐயா, அவர் கழற்றி முடித்தாயிற்று. ரவி, கேமரா?

நாஞ்சில்_நிழல்:
தக்குமார் என்றால் கண்ணாடி மஞ்சளாக இருக்கிறதா பாருங்கள். சிலவற்றில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த கண்ணாடி. யூவி விளக்கடியில் சில நாள் வைத்தால் மஞ்சள் குறையும்.

மங்கல்_மணி:
தோரியமா? வளைகாப்பு வீட்டுக்கு அதைக் கொண்டுபோவதா?

நாஞ்சில்_நிழல்:
எங்கள் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே தோரியம் இருக்கிறது. அதில் விளையாடித்தான் வளர்ந்தேன். இருட்டில் ஒளிரவில்லை.

மங்கல்_மணி:
மணலும் கண்ணாடியும் ஒன்றா? அதைக் கண்ணருகே வைத்துப் பார்க்கிறோம்.

நாஞ்சில்_நிழல்:
கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவில் முழு கேமரா இருக்கிறது அண்ணே.

ஆடிவித்தகர்:
இதற்கு நம் மன்றத்தில் தனி இழை இருக்கிறது. தேடிப் படிக்கவும்.

கோவைக்குமிழ்:
ரவி, இரண்டே கேள்வி. ரிங் இன்ஃபினிட்டி (வெகு தூரம்) குறிவரை போய் நிற்கிறதா, நடுவிலேயே முட்டுகிறதா? கேமரா என்ன? மூன்றாவது முறை கேட்கிறேன்.

டெல்டா_ரவி:
ஸாரி அண்ணா. குறிவரை சரியாகப் போகிறது. கேமரா நிகான் டி750, ஆன்லைனில் வாங்கிய அடாப்டர், கண்ணாடி இல்லாத வெறும் வளையம். இதற்கு முன் இந்த லென்ஸை மாட்டிப் பார்த்ததில்லை.

கோவைக்குமிழ்:
அதை முதலிலேயே சொல்லக் கூடாதா! எம்42 லென்ஸுக்கு, லென்ஸ் மாட்டும் வாயான மவுண்டிலிருந்து சென்சார் 45.46 மி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். நிகானில் 46.5. வெறும் அடாப்டர் போட்டால் லென்ஸ் குறைந்தது ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்கும். 55 மி.மீ. லென்ஸுக்கு அந்த ஒரு மில்லிமீட்டரிலேயே ஃபோகஸ் மூன்று மீட்டரோடு முடிந்துவிடும். மூன்று மீட்டர் என்றால் உங்கள் பத்தடி. ஹெலிகாய்டை மறுபடி பிரிக்காதீர்கள். கேனான் டிஎஸ்எல்ஆருக்கு 44 மி.மீ.தான், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு இன்னும் குறைவு; மீதி தூரத்தை அடாப்டரின் தடிமன் நிரப்பும். யாரிடமாவது வாங்கி மாட்டிப் பாருங்கள்.

மங்கல்_மணி:
இருந்தாலும் ஹெலிகாய்டும் ஒரு வாய் தப்பியிருக்கலாம்.

ஆடிவித்தகர்:
நானும் நிகானாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

கோவைக்குமிழ்:
நினைத்ததைச் சொல்லியிருக்கலாமே ஐயா.

டெல்டா_ரவி:
நண்பனின் கேனானில் மாட்டினேன். மொட்டைமாடியிலிருந்து கோயில் கோபுரம் துல்லியமாக வருகிறது! கோவை அண்ணாவுக்கு நன்றி. எண்ணெயை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். கடுகைவிடச் சின்னதாக ஒரு இரும்புக் குண்டு மேஜையில் கிடக்கிறது, அது எங்கே போகும்?

கோவைக்குமிழ்:
அப்பர்ச்சர் ரிங்குக்கு அடியில். திருப்பும்போது டிக் டிக் என்று நிற்கிறதா, சும்மா வழுக்கிக்கொண்டு போகிறதா?

நாஞ்சில்_நிழல்:
ரவி, வளைகாப்பு முடிந்ததா? குண்டு?