பெரியம்மா கொழும்பு பார்க்கும் நாள்

குழு: பொகவந்தலாவைக் குடும்பம்
வெள்ளிக்கிழமை

செல்வி (கோத்தகிரி) – மாலை 7.04
அனைவருக்கும் வணக்கம். விமானச் சீட்டு இன்று உறுதியாகிவிட்டது. அடுத்த மாதம் 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை பிற்பகல் அம்மாவும் நானும் கட்டுநாயக்காவில் இறங்குகிறோம். கவிதா மகளின் சடங்கு 23ஆம் தேதிதான் என்பதால், மலைக்கு ஏறுவதற்கு முன்பு ஒரு நாள் கொழும்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறார். 1977இல் ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறி, இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்க நேராகத் தலைமன்னாருக்குப் போனவர் அவர். இருபத்து நான்கு வயது வரை இலங்கையில் வாழ்ந்தும் கொழும்பை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

ராஜேஸ்வரி – 7.06
அக்கா வருகிறாள் என்ற செய்தியை மூன்று முறை வாசித்துவிட்டேன்.

மகேந்திரன் – 7.09
என் வேன் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து அத்தையை ஏற்றி, மறுநாள் கொழும்பைக் காட்டி, அன்று இரவே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பேன். வேறு ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

தினேஷ் – 7.15
மச்சான், கட்டுநாயக்காவுக்கும் மலைப் பயணத்துக்கும் உங்கள் வேன்தான் வேண்டும். அதிவேகப் பாதையில் முச்சக்கரவண்டிக்கு அனுமதி இல்லை, அதனால் அந்த வேலைக்கு நான் போட்டிக்கு வரவில்லை. நகரத்துக்குள் சுற்றுவதற்கு மட்டும் என்னுடைய ஆட்டோவுக்கு இடம் விடுங்கள். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் சுமை தூக்கும் நாட்டாமைமார் தள்ளுவண்டியோடு வரும்போது வேன் அரை மணி நேரம் நின்றுவிடும். நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போகும். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி என்று செல்வி அக்கா சொல்லியிருந்தார். என் வண்டியின் படி தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான். கோவில் வாசலிலேயே இறக்கி, அங்கேயே ஏற்றிக்கொள்ளலாம்.

மகேந்திரன் – 7.17
அந்த வண்டியின் லீசிங்குக்கு முற்பணம் கொடுத்தவன் நான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசு.

ராஜேஸ்வரி – 7.18
அது தீர்ந்த கணக்கு, மகேந்திரன். போன தைப்பொங்கலுக்கு முன்பே கடைசிக் காசையும் என் கையால் கொடுத்தேன்.

கவிதா – 7.21
மாமா எங்கே? அவர்தான் முடிவு சொல்ல வேண்டும். எப்படியும் சனிக்கிழமையாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். மகளின் சடங்குப் பட்டு இன்னும் எடுக்கவில்லை. நானும் வருகிறேன்.

தினேஷ் – 7.23
அக்கா, ஞாயிற்றுக்கிழமை வீதிகள் வெறிச்சோடியிருக்கும் என்பதற்காகவே நான் அந்த நாளை நினைத்தேன். ஊர் பார்க்க ஞாயிறு நல்லது, துணி எடுக்கச் சனி நல்லது. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் பெரியம்மா கடைக்குள் முக்காலியில் உட்கார்ந்தே களைத்துவிடுவார்.

சிவலிங்கம் – 7.52
அன்புள்ள பிள்ளைகளுக்கு. என் அம்மாவின் மரணச் செய்தி இந்தக் குழுவில் அரைகுறையாக எழுதப்பட்டதால், மகேந்திரன் நேரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு, குழி மூடிய பிறகு வந்து சேர்ந்ததை நாம் எவரும் மறக்கவில்லை. அன்று முதல் முழு வாக்கியமாக எழுதுவது என்று தீர்மானித்தோம். அந்த ஒழுங்கிலேயே என் கருத்தை விரிவாகச் சொல்கிறேன்.

ஆட்டோவே பொருத்தமானது. வேனின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்ப்பது வேறு, இரு பக்கமும் திறந்த வண்டியில் தெருவின் சத்தமும் வாசனையும் மடியில் விழ உட்கார்ந்து போவது வேறு. அக்கா நாற்பத்தெட்டு ஆண்டுகளாக இந்த நாட்டின் காற்றைச் சுவாசிக்கவில்லை.

காலை ஏழு மணிக்குத் தினேஷின் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து புறப்பட வேண்டும். முதலில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம். நாம் சைவர்களாக இருந்தாலும் தோட்டத்தில் அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்காத லயம் கிடையாது. அம்மா எனக்காக வைத்த நேர்த்தியே இன்னும் முழுதாகத் தீர்க்கப்படவில்லை. 2019 ஏப்ரல் 21 அன்று அந்த ஆலயத்தில் குண்டு வெடித்து மாண்டவர்களுக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். அது துறைமுகத்தை ஒட்டிய பகுதி. மதிலுக்கு மேலே கிரேன்களின் தலை தெரியும். அருகிலேயே சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் அங்கே போனால் வெறுங்காலுக்குக் கல் சுடாது. பிறகு செட்டியார் தெருவின் நகைக்கடைகளைக் கடந்து, கதிரேசன் கோவில்களைக் கும்பிட்டு, இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளியை வண்டியில் இருந்தபடியே பார்க்கலாம். அந்தப் பள்ளிவாசலின் கட்டட வேலை 1908இல் தொடங்கியது.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அடுத்த இடத்தைப் பற்றி. காலிமுகத்திடலின் வடக்கு முனையில், கடலைப் பார்த்தபடி, தூண்கள் வரிசையாக நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டடம் இருக்கிறது. இப்போது அது ஜனாதிபதி செயலகம். உள்ளே போக முடியாது, வீதியிலிருந்து பார்க்கலாம். 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸின் ஏழு பேர் நம் தோட்ட மக்களின் வாக்கால் அங்கே போய் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அதே சபையில் நிறைவேறியது. நம் தாத்தா நாடற்றவர் ஆனார். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டபோது, நாடற்றவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்தார்கள். அந்தக் கணக்கில் அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் விழுந்தோம். அந்தக் கட்டடத்தை அக்கா ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கவிதா – 7.58
மாமா, பட்டு?

தினேஷ் – 8.01
மாமா சொன்ன வழியே எனக்கும் சரி. வெளிநாட்டுப் பயணிகள் என் வண்டியை நாள் முழுவதும் பேசிக்கொண்டு வருவார்கள். அவர்களை மணிக்கூட்டுக் கோபுரம், கங்காராமை, சுதந்திர சதுக்கம் என்று சுற்றிக் காட்டுவேன். பழைய பாராளுமன்றத்தைப் படம் எடுக்க இரண்டு நிமிடம் நிறுத்துவேன். அது நம்முடைய இடம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

செல்வி – 8.05
தாமரைக் கோபுரத்துக்கு ஏற முடியுமா? 350 மீட்டர் உயரம் என்று என் மகன் ஆவலாகச் சொன்னான்.

சிவலிங்கம் – 8.08
ஏறலாம், மகளே. 2022 செப்டெம்பரிலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. ஆனால் பேரை வாவிக் கரையிலிருந்தே அது முழுதாகத் தெரியும். அந்த நேரத்தைத் தேசிய நூதனசாலைக்குக் கொடுக்கலாம். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனின் சிம்மாசனம் அங்கே இருக்கிறது. 1815இல் ஆங்கிலேயர் கொண்டுபோனது 1934இல்தான் திரும்பி வந்தது.

செல்வி – 8.11
அந்த மன்னரின் சமாதி வேலூரில் பாலாற்றங்கரையில் இருக்கிறது, மாமா. முத்து மண்டபம் என்று பெயர். அம்மா அங்கே போனபோது, கண்டியிலிருந்து வந்த இன்னொருவர் என்று சொல்லி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ராஜேஸ்வரி – 8.12
அக்கா இப்போது விழித்திருக்கிறாளா? அவளுக்கு என்ன பார்க்க வேண்டும் என்று அவளிடமே கேள்.

செல்வி – 8.31
கேட்டேன், சித்தி. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்குக் கோபுரமும் வேண்டாம், கடையும் வேண்டாம். பத்து வருடம் நான் கிள்ளிய தேயிலைக் கொழுந்து பெட்டி பெட்டியாகக் கொழும்புக்குப் போனது. ஸ்டோரிலிருந்து லொறி இறங்கும்போதெல்லாம் அது எங்கே போகிறது என்று கங்காணியிடம் கேட்பேன். கப்பலுக்கு என்பார். அந்தக் கப்பல் நிற்கும் இடத்தை எனக்குக் காட்டுங்கள். பிறகு கடற்கரையில் உட்கார்ந்து இறால் வடை சாப்பிட வேண்டும். ராஜி என் பக்கத்தில் இருக்க வேண்டும்."

ராஜேஸ்வரி – 8.33
நான் வருகிறேன். ஹட்டன் ஸ்டேசனில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கோச்சியோடு ஓடியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அக்கா தன் கண்ணாடி வளையல்களில் இரண்டைக் கழற்றி என் கையில் போட்டாள். ஒன்று அங்கேயே உடைந்தது. மற்றது இன்னும் என் தகரப் பெட்டியில் இருக்கிறது. அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று ஏன் பெயர் வந்தது என்று என்னிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

மகேந்திரன் – 8.40
எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அத்தை வந்திருக்கும் நாட்களில், என் அப்பா பின்னால் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் போனதைப் பற்றி எவரும் பேச வேண்டாம். அப்பா இல்லாத இடத்தில் நான் பதில் சொல்ல முடியாது.

சிவலிங்கம் – 8.47
மகேந்திரன், உன் அப்பா இந்தியப் பாஸ்போர்ட் எடுத்து, பெட்டியும் கட்டி வைத்திருந்தார். எங்கள் அம்மாவுக்கு உடம்பு சுகமில்லாததால் ஒரு வருடம் தள்ளிப்போட்டார், பிறகு இன்னொரு வருடம். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுவிட்டது. அதன் பிறகு அவர் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் பத்தொன்பது வருடம் இருந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் இந்த நாட்டின் பிரஜையானார். அது வாக்குத் தவறியது ஆகாது. அக்காவுக்கு இதை நான் கடிதத்திலும் எழுதினேன்.

செல்வி – 8.50
மச்சான், அம்மாவுக்கு உங்கள் அப்பா மீது கோபம் இல்லை. அவர் அனுப்பிய கடைசிக் கடிதம் எங்கள் வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. வரும்போது எடுத்து வருகிறேன். அது உங்களிடம் இருப்பதுதான் சரி.

மகேந்திரன் – 8.58
நன்றி, செல்வி. கட்டுநாயக்காவுக்கு நான் மதியமே வந்து நிற்பேன். ஆட்டோவில் போவதை நான் எதிர்க்கவில்லை. வெயிலில் மயக்கம் வந்தால் என்ன செய்வது என்பதுதான் என் பயம்.

தினேஷ் – 9.03
அதற்காகத்தான் ஏழு மணிக்கே புறப்படுகிறோம். பதினொன்றரைக்கு வீட்டுக்குத் திரும்பிச் சோறு சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நான்கு மணிக்கு மேல் காலிமுகத்திடலுக்குப் போகலாம். துறைமுகத்தைக் காலையில் அந்தோனியார் கோவிலடியிலும், மாலையில் சைத்திய வீதிப் பக்கமும் இரண்டு முறை காட்டுகிறேன். சீட்டின் ரெக்சின் கிழிந்திருந்ததை நேற்றுத்தான் மாற்றினேன். மழை வந்தால் இரு பக்கத் திரையையும் இறக்கிவிடுவேன். பின் கண்ணாடியில் "பாட்டி துணை" என்று எழுதியிருப்பதைப் பெரியம்மா பார்க்கட்டும்.

சிவலிங்கம் – 9.06
வாடகையை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஒரு நாள் முழுவதும் வேறு சவாரி எடுக்காமல் எங்களோடு நிற்கிறாய். பாசம் வேறு, உழைப்பு வேறு. கூலி இல்லாமல் இந்தக் குடும்பத்தில் எவரும் வேலை செய்யக் கூடாது.

தினேஷ் – 9.07
பெரியம்மாவிடம் காசு வாங்க மாட்டேன், மாமா.

ராஜேஸ்வரி – 9.08
பெட்ரோல் செலவையாவது வாங்கிக்கொள்.

சிவலிங்கம் – 9.10
அதை நேரில் பேசுவோம். யார் யார் வருகிறோம் என்பதை இப்போது தெளிவாக்குவோம்.

தினேஷ் – 9.14
பின் இருக்கையில் மூன்று பேருக்குத்தான் சட்டம் இடம் கொடுக்கிறது. பெரியம்மா, செல்வி அக்கா, அம்மா என்று மூவர் ஆகிவிட்டார்கள்.

சிவலிங்கம் – 9.16
அப்படியானால் எனக்கு இடம் இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டடத்தின் முன்னால் அக்காவோடு நான் நிற்க வேண்டும்.

கவிதா – 9.18
இரண்டாவது ஆட்டோ ஒன்று பிடித்தால் மாமாவும் நானும் வரலாம். சனிக்கிழமையாக இருந்தால் நான் மூன்றாம் குறுக்குத் தெருவிலேயே இறங்கிப் பட்டு எடுத்துவிடுவேன். உங்களை ஒரு நிமிடமும் நிறுத்த மாட்டேன்.

மகேந்திரன் – 9.20
ஞாயிறாக இருந்தால் வெள்ளி இரவும் சனி இரவும் தினேஷின் இரண்டு அறையில் இத்தனை பேர் எப்படிப் படுப்பீர்கள்?

செல்வி – 9.24
சனியா ஞாயிறா என்பதை நாளைக் காலை அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன். சித்தி பக்கத்தில் இருப்பார் என்று சொன்னதும் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். சித்தி, அந்த ஒரு வளையலை மறக்காமல் கொண்டு வாருங்கள்.

ராஜேஸ்வரி – 9.25
பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன்.

சிவலிங்கம் – 9.31
சனிக்கிழமை என்றால் பாடசாலையின் மாலை வகுப்பை நான் வேறு நாளுக்கு மாற்ற வேண்டும். ஞாயிறு என்றால் தடையில்லை. இரண்டுக்கும் தயாராக இருக்கிறேன்.

தினேஷ் – 9.44
கொட்டாஞ்சேனைத் தரிப்பிடத்தில் என்னோடு நிற்கும் அண்ணனிடம் இரண்டாவது வண்டிக்குக் கேட்டிருக்கிறேன். சவாரியில் இருக்கிறார் போலிருக்கிறது, இன்னும் பதில் வரவில்லை.