6-தயோகுவானின் தேர்வு: செல்லைக் கூட்டினால் காலனி குறைகிறதே, ஏன்?

கேள்வி:
வி79 செல்களில் (சீன ஹாம்ஸ்டர் நுரையீரல் செல்வகை) எச்பிஆர்டி நொதி இல்லாத பிறழ்வுகளை 6-தயோகுவானின் மருந்தில் போட்டுத் தேர்ந்தெடுக்கிறேன். நொதி உள்ள சாதாரண செல் அதில் சாகும், பிறழ்ந்தது மட்டும் காலனியாகும். 100 மி.மீ. தட்டுக்கு 2 லட்சம் செல் போட்டால் காலனி ஒழுங்காக வருகிறது. தட்டை மிச்சம் பிடிக்கலாமென்று 10 லட்சம் போட்டேன். ஐந்து மடங்கு வர வேண்டாமா? பழைய அளவுகூடத் தேறவில்லை. மருந்தின் அளவு, சீரம் எதுவும் மாறவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

பதில் 1:
சீரத்தைப் பாருங்கள். அதிலுள்ள ஹைப்போசாந்தின் (ஒரு பியூரின், டிஎன்ஏ செய்ய உதவும் மூலப்பொருள்) அதே நொதிக்கு மருந்தோடு போட்டி போடும். டயாலிசிஸ் செய்து அத்தகைய சிறு மூலக்கூறுகளை நீக்கிய சீரம்தானே?

கேட்டவர்:
ஆமாம், டயாலிசிஸ் செய்ததுதான். தவிர, அந்தப் போட்டியில் சாதாரண செல்கள் பிழைத்துக் காலனி கூடத்தானே வேண்டும்? எனக்குக் குறைகிறது.

பதில் 2:
சரியாகப் பிடித்தீர்கள். பிறழ்வுக்குப் பிறகு 7 முதல் 9 நாள் விட்டுத்தானே மருந்தில் போடுகிறீர்கள்? பழைய நொதி செல்லில் மிஞ்சியிருந்தால் பிறழ்ந்த செல்லும் சாகும். ஆனால் அது இரண்டு தட்டுக்கும் பொதுவான குறை. உங்கள் சிக்கல் நெரிசல்.

சாதாரண செல்லில் எச்பிஆர்டி, 6-தயோகுவானினை நியூக்ளியோடைடாக மாற்றுகிறது. விஷம் அதுதான். செல்சவ்வைத் தாண்டி அதனால் வெளியே வர முடியாது. ஆனால் ஒட்டிக்கொண்டிருக்கும் செல்லுக்கு இடைவெளிச் சந்திப்பு (அடுத்தடுத்த செல்களை இணைக்கும் நுண்வழி) வழியாகப் போய்விடும். சுமார் 1000 டால்டனுக்குள் இருக்கும் மூலக்கூறுக்கு அது திறந்த கதவு. பாவம், நொதியே இல்லாத பிறழ்வு செல், பக்கத்து வீட்டுக்காரன் சமைத்த விஷத்தைத் தின்று சாகிறது. இதற்கு வளர்சிதைமாற்றக் கூட்டுறவு என்று பெயர் (பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு!). வி79 இதில் கெட்டிக்காரச் செல். எல் செல்கள் (எலியிலிருந்து வந்த செல்வகை) அவ்வளவாகச் சந்திப்பு அமைக்காது.

கேட்டவர்:
அது என் தட்டில்தான் நடக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

பதில் 2:
கையில் இருக்கும் பிறழ்வு குளோனிலிருந்து 200 செல் எடுத்து, சாதாரண செல்களைப் படிப்படியாகக் கூட்டிக் கலந்து, மருந்தில் போடுங்கள். நெரிசல் ஏற ஏற அந்த 200-இல் காலனியாவது குறைந்தால் சந்தேகமே வேண்டாம். குளோன் அசல்தானா என்பதை ஹாட் ஊடகத்தில் (ஹைப்போசாந்தின், அமினோப்டெரின், தைமிடின் கலந்தது) தனியாகப் போட்டுப் பாருங்கள்: அமினோப்டெரின் புதிதாகப் பியூரின் செய்வதை அடைத்துவிடும், ஹைப்போசாந்தினைப் பயன்படுத்த நொதி கிடையாது, ஆகவே சாக வேண்டும். சாதாரண செல்லோடு சேர்த்துப் போட்டால் இங்கே கதை தலைகீழ். அண்டை செல் நியூக்ளியோடைடு கொடுத்துக் காப்பாற்றிவிடும்.

தட்டுக்கு 2 லட்சத்தைத் தாண்டாதீர்கள். காலனி போதவில்லையென்றால் தட்டைக் கூட்டுங்கள். மிச்சம் பிடிக்க இது இடமில்லை.